ஊர் பார்க்க வந்தவள்

மாமல்லபுரம்
12-8-1956

பெயர் போடாமல் கடிதம் எழுதுகிற அம்மாளுக்கு,

நீங்கள் என் அப்பாவுக்கு எழுதின கடிதத்தை நான் பிரித்துப் படித்துவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பதினோரு வருஷமாக இந்த ஊர்த் தபால் முழுக்க அவர் கை வழியாகத்தான் போகிறது. பள்ளிக்கூட வாத்தியார் திருவேங்கடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, தபால் வாத்தியார் என்றால்தான் தெரியும். இனி அவரால் எதையும் பிரிக்க முடியாது. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவர் வாசற்படியிலேயே விழுந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிவிட்டது. பேச்சு இல்லை.

அவருக்குப் பதிலாகத் தபால் பார்க்கும் ஏசுபாதம் வாத்தியார் உங்கள் கவரை என்னிடம் கொடுத்தார். அப்பாவுக்குப் படித்துக் காட்டத்தான் பிரித்தேன். நல்ல வேளை, வாய்விட்டுப் படிக்கவில்லை.

"ரங்கா கல்யாணம் முடிகிற வரைக்கும் பொறுத்திருக்கிறேன். அப்புறம் உங்களோடுதானே இருக்கப்போகிறேன்." இப்படி எழுத நீங்கள் யார்? கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. விலாசம் மட்டும் 'மேற்பார்வை: நர்ஸ் மார்கரெட், செங்கல்பட்டு' என்று இருக்கிறது. எழுத்தோ சின்னப் பிள்ளை எழுதினது மாதிரிக் கோணல் மாணல்.

எனக்கு எட்டு வயதில் அம்மா செத்துப்போனாள். அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காகவே இந்த ஊரில் அவருக்கு ஒரு மரியாதை. அது உங்களால் கெட வேண்டாம். எனக்கு வரன் பேசி முடிக்கப்போகிறார்கள். இனிமேல் எழுதாதீர்கள்.

தி. ரங்கநாயகி

*

செங்கல்பட்டு
17-8-1956

ரங்கநாயகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று வாரமாகக் கடிதம் வராதபோதே ஏதோ என்று நினைத்தேன்.

நீ நினைக்கிற மாதிரிப் பெண்பிள்ளை இல்லை நான். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் தறிக் கொட்டகையில் வேலை செய்கிறேன். உன் அப்பா எனக்கு நிறைய உபகாரம் செய்திருக்கிறார். அதற்கு மேல் என்னைப் பற்றித் தெரிந்து உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

திட்டினதற்கு வருத்தமில்லை. ஆனால் அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் இரண்டு வரி எழுது. படுக்க வைத்தபடியே தண்ணீர் கொடுக்காதே, புரை ஏறும். தலையைத் தூக்கிப் பிடித்துச் சங்கால் கொடு. ஒரே பக்கமாகப் படுக்கவிடாதே, முதுகு புண்ணாகிவிடும். இங்கே இப்படிப் படுத்தவர்கள் எழுந்து நடந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் மனசை விடாதே. இஞ்சிக் கஷாயம் என்று யாராவது சொன்னால் கொடுக்காதே. அவருக்கு இஞ்சி ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும்.

நீயும் ஈரத்தில் நின்று துணி துவைக்காதே. மழைக்காலம் வருகிறது. காது வலி இன்னும் வருகிறதா உனக்கு?

கடிதத்துக்குப் பதில் போட இஷ்டமில்லாவிட்டால் ஒரு கார்டில் 'தேவலை' என்று எழுதிப் போடு. போதும்.

*

மாமல்லபுரம்
29-8-1956

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

என் காது வலி உங்களுக்கு எப்படித் தெரியும்? அது எனக்கு ஆறு ஏழு வயதில் வந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு வந்ததே இல்லை. அப்பாவே மறந்திருப்பார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அப்பாவின் அக்கா. எங்களோடு இருக்கிறவள், என்னை வளர்த்தவள். அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, எங்கம்மா எப்படிச் செத்தாங்க?"

"இன்னாடி இது, காலங்காத்தால? ஜுரம் வந்து செத்தா."

"எந்த ஊர்ல எரிச்சாங்க?"

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கையில் கவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எரிக்கல. எரிச்சிருந்தா இவனுக்கு இந்தக் கதி வந்திருக்காது. அந்தப் பெருவியாதி ஆஸ்பத்திரில கீறாடி. உசுரோட கீறா."

அப்பா உள்ளே படுத்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. நான் போய் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் வழிந்தது. துடைக்கக் கை வராது என்று தெரிந்தும் நான் துடைக்கவில்லை. அவ்வளவு கோபம்.

நீ செத்துப்போனாய் என்று ஒரு வருஷம் அழுதேன். பள்ளிக்கூடத்தில் யாராவது 'எங்கம்மா' என்று ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். முப்பது மைல்கூட இல்லை. ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு நீ அவருக்கு மட்டும் வாரா வாரம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

அப்பா இன்றைக்கு இடது கையால் சங்கைப் பிடித்துக்கொண்டார். தேவலை.

ரங்கநாயகி

*

செங்கல்பட்டு
6-9-1956

ரங்காவுக்கு,

அவர் மேல் கோபப்படாதே. செத்துவிட்டாள் என்று சொன்னது அவர்தான். சொல்லச் சொன்னது நான்.

அப்போது நாம் கருங்குழியில் இருந்தோம். என் கன்னத்தில் ஒரு தேமல் வந்தது. அப்புறம் காது மடல் தடித்தது. ஒரு நாள் சூடான பால் பாத்திரத்தை வெறும் கையால் இறக்கி வைத்தேன், சுடவே இல்லை. உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பத்து நாளில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பொதுக் கிணற்றில் என் குடத்தை உதைத்து உருட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அன்றைக்குத்தான் சொன்னேன்: "என்னை எங்கேயாவது விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போங்கள். குழந்தையிடம் நான் செத்துவிட்டதாகச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. நிஜம் என்று நம்பினால்தான் நிஜம் மாதிரிச் சொல்வாள்."

அவர் சம்மதிக்க நாலு நாள் ஆயிற்று. யாருக்கும் தெரியாத ஊராகக் கிடைத்தது உங்கள் ஊர்.

முதல் கடிதத்தில் ஊரைப் பற்றித்தான் எழுதினார். எழுத வேறு எதுவும் இல்லை எங்களுக்கு. உன்னைப் பற்றி எழுதினால் அழுவேன் என்று ஊரைப் பற்றி எழுதுவார். சீனா வரைக்கும் கப்பல் போன துறைமுகமாம், இப்போது கட்டுமரம் மட்டும்தானாம். தபசுப் பாறையில் ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறதாம். கால்வாயில் பாய் கட்டின படகுகள் விறகு ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போகுமாம். நாலு மணிக்குக் கடற்காற்று வந்தால் ஊர் முழுக்க வாசலுக்கு வந்துவிடுமாம். பதினோரு வருஷம் இப்படி. பார்க்காத ஊரில் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியும். இங்கே இருக்கிற பெண்களுக்குச் சாயங்காலம் நான்தான் அந்தக் கதை சொல்லுவேன்.

ஆறு வருஷமாகப் புது மாத்திரை கொடுக்கிறார்கள். உடம்பில் கிருமி இல்லை என்று டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உன் கல்யாணம் ஆகட்டும் என்று நான்தான் தங்கிவிட்டேன். விரல்கள் மடங்கினது மடங்கினதுதான். அதனால்தான் எழுத்து கோணல்.

உன் கல்யாணத்துக்கு என்னால் ஒரு இடைஞ்சலும் வராது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. அவர் எழுதுகிற மாதிரி ஊரைப் பற்றி நீ எனக்கு நாலு வரி எழுது. கடிதம் நின்றதிலிருந்து அந்த ஊரே இல்லாமல் போன மாதிரி இருக்கிறது.

அம்சவேணி

*

மாமல்லபுரம்
3-10-1956

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்தால் முதலில் கொல்லைப்புறத்தில் கல் வைத்து ஒரு பகல் வெயிலில் போடுகிறேன். படித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். கடிதத்தில் ஒட்டாது என்று ஏசுபாதம் வாத்தியார் ஒரு புஸ்தகத்தில் காட்டினார். (அவருக்குத் தெரியும், நான் சொல்லாமலே. யாரிடமும் சொல்ல மாட்டார்.) காட்டின பிறகும் கழுவுகிறேன். உன்னிடம் மறைத்துவிட்டு நல்ல மகள் மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பால் பாத்திரம் வந்த இடத்தில் இடது கையால் பாயை அடித்தார். நிறுத்தச் சொல்கிறார் என்று நிறுத்தினேன். இல்லை, மறுபடி படிக்கச் சொல்கிறார்.

ஊரைப் பற்றிக் கேட்டாய். இந்த ஊரில் என்ன அழகைக் கண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. உப்புக் காற்றில் கதவுக் கீல் ஆறு மாதம் தாங்காது. சோற்றில் மணல். புடவையில் மணல். தண்ணீர் உப்பு. முக்கால்வாசிக் கல் பாதியில் விட்டது. தூண் செதுக்கிக்கொண்டிருந்தவன் சாப்பிடப் போனவன் மாதிரி அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் பட்டணத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, "அடடா, இங்கேயே இருந்துடலாம் போல இருக்கே" என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்கு வயிறு எரியும். இருந்து பாரேன் என்று தோன்றும்.

ஆனால் ஒன்று. அப்பா படுத்த இடத்திலிருந்து கிழக்கே கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். தபால் பை கொண்டுவருகிற துரை, "இன்னாமா, இது தெரியல? சமுத்திரத்தண்ட போவணும்ங்கறாரு" என்றான். அவனும் அவன் அண்ணனுமாக நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது மழை இல்லாத நாளெல்லாம் நாலு மணிக்குக் கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே பாறை ஓரம் வைத்துவிடுகிறோம். நான் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பேச்சு இல்லாத மனுஷனோடு நின்றால் வேறென்ன செய்வது, நானும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெயில் இறங்கும்போது கோயில் நிழல் தண்ணீர் மேல் நீண்டுகொண்டே போய் அலை வரும்போது உடைகிறது. அதை அவர் உனக்கு எழுதியிருக்கிறாரா?

வரன் பேசி முடித்தாயிற்று. காஞ்சிபுரத்துக்காரர்கள். மாப்பிள்ளை பெயர் செங்கல்வராயன். கோர்ட்டில் குமாஸ்தா. எந்த ஊர் கோர்ட் என்று நினைக்கிறாய்? செங்கல்பட்டு. கல்யாணமானால் உன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைலில் குடியிருப்பேன்.

அவரிடம் சொல்லிவிடட்டுமா? சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் பயமாக இருக்கிறது.

ரங்கா

*

செங்கல்பட்டு
12-10-1956

ரங்கா,

சொல்லாதே. அவர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு அம்மா அக்கா எல்லாம் இருப்பார்கள். கருங்குழியில் நாம் பட்டது போதும்.

நிழல் உடைவதை அவர் எழுதவில்லை. அது நீ பார்த்தது. இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

கை கழுவுவதை நிறுத்தாதே. அதில் எனக்கு வருத்தமில்லை. மார்கரெட் அம்மாள்கூட முதல் வருஷம் அப்படித்தான் செய்தாள் என்று அவளே சொன்னாள்.

இப்போது ஒன்று கேட்கப்போகிறேன். முடியாதென்றால் முடியாது என்று எழுது. ஒரே ஒரு நாள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா? மார்கரெட் அம்மாளுக்கு லீவு கிடைக்கும், கூட வருவாள். நான் யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைப் பார்க்க நர்ஸம்மா வந்தாள், கூட ஆயா வந்தாள் என்று சொல்லிக்கொள். உள்ளே வந்து அவர் பக்கத்தில் அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவேன். உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

அம்மா

*

மாமல்லபுரம்
20-10-1956

அம்மா,

இப்போது வர வேண்டாம்.

ஐப்பசி கடைசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துபோகிறார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா இங்கேயே பக்கத்துத் தெருவில் ஜாகை போட்டிருக்கிறாள். அத்தையிடம் கேட்டேன், "வந்தான்னா நான் கெணத்துல வுயுந்துருவேன்" என்கிறாள்.

தையில் கல்யாணம் ஆகிவிடும். மாசியில் வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அப்பா தேவலை, இடது கையால் ஸ்லேட்டில் கோடு போடுகிறார். அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது.

அவசரத்தில் எழுதுகிறேன்.

ரங்கா

*

மாமல்லபுரம்
27-11-1956

அம்மா,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்பா போய்விட்டார். வியாழக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். மூன்று நாளாக விடாத மழை, கடலுக்குத் தூக்கிப் போக முடியவில்லை. கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் கண் ஜன்னல் பக்கம் நின்றிருந்தது.

மழை விட்ட நேரம் பார்த்து அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் நனைந்துகொண்டே வந்தார்கள்.

உனக்குத் தந்தி கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். துரை திருக்கழுக்குன்றத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளோடு மழையில் நின்றான். காகிதத்தில் உன் விலாசம் வரை எழுதிவிட்டேன். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். "யாருக்கும்மா தந்தி?" என்று அவருடைய பெரியம்மா கேட்டாள். "யாருக்குமில்லை" என்றேன். காகிதத்தைக் கசக்கி மடியில் சொருகிக்கொண்டேன். அத்தை தடுத்தாள் என்று எழுதினால் நீ நம்புவாய். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நானேதான்.

பொண்டாட்டி செத்தவர் என்பதால் இங்கே யாருக்கும் தாலி அறுக்கிற சடங்கு இல்லை. அந்த நேரத்தில் எனக்கு உன் ஞாபகம் வந்தது. இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற வரைக்கும் நீ பொட்டு வைத்துக்கொண்டிருப்பாய். அதனாலேயே ஐந்து நாள் எழுதாமல் இருந்தேன்.

வர வேண்டாம் என்று எழுதினேனே. மாசியில் வா என்று எழுதினேனே.

ரங்கா

*

செங்கல்பட்டு
6-12-1956

ரங்கா கண்ணு,

உன் கடிதம் வந்த அன்று காலையில்கூடத் தலைக்குக் குளித்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். 'அப்பா போய்விட்டார்' என்பதற்கு மேல் நான் படிக்கவில்லை, மீதியை மார்கரெட் அம்மாள்தான் படித்துச் சொன்னாள். தாலிக் கயிற்று முடிச்சை என் விரலால் அவிழ்க்க முடியவில்லை. அவள்தான் அவிழ்த்தாள். இங்கே அதற்கென்று அழ ஆள் கூடுவதில்லை. தறிக்காரப் பெண்கள் அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நீ வேண்டாம் என்று எழுதினாயே, அதை நான் கேட்கவில்லை. நான் வந்தேன்.

நவம்பர் எட்டாம் தேதி. மழை விட்டு நல்ல வெயில். மார்கரெட் அம்மாளும் நானும் ஊர் பார்க்க வருகிறவர்கள் கூட்டத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினோம். உதிர்ந்துபோன என் புருவத்தில் அவள் மை தீட்டிவிட்டிருந்தாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். யாரையும் வழி கேட்கவில்லை. தபசுப் பாறை, பூனை, கல்லில் பால் கறக்கிற இடையன், சாய்ந்து நிற்கிற உருண்டைக் கல், எல்லாம் அவர் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரியே இருந்தன. மார்கரெட் அம்மாள், "நீ இங்கே பிறந்தவளா?" என்று கேட்டாள்.

நாலு மணிக்குக் கோயிலுக்குத் தெற்கே பாறையில் போய் உட்கார்ந்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வருவது தெரிந்தது. அவரை அடையாளம் தெரியவில்லை எனக்கு. அவ்வளவு வெளுத்த தலை. உன்னை உடனே தெரிந்தது. குடையை நீ பிடித்திருந்த விதம் என் அம்மா மாதிரி.

நாற்காலியை எனக்கு ஐந்தாறு முழத்தில் வைத்தார்கள். நீ என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவருக்குக் காத்து வரணும்" என்றாய். பதினோரு வருஷம் கழித்து நீ என்னை அம்மா என்று கூப்பிட்டதை முதல் முதலாகக் கேட்டது அப்போதுதான். ஊர் பார்க்க வருகிற எல்லாப் பொம்பளைகளையும் கூப்பிடுகிற மாதிரி. நான் எழுந்து தள்ளிப் போனேன். தள்ளிப் போனதில் அவருக்கு நேர் எதிரே வந்துவிட்டேன்.

அவர் பார்த்தார், ரங்கா. முதலில் சும்மா பார்த்தார். அப்புறம் கண் என் மேலேயே நின்றுவிட்டது. இடது கை நாற்காலிக் கட்டையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. நீ தாகம் என்று நினைத்துச் சங்கை எடுத்தாய். அவர் வாயைத் திறக்கவில்லை. "இன்னைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கோபித்துக்கொண்டாய். நான் முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினேன். மடங்கின விரல்தான், ஆனால் புண் இல்லை, ஆறிவிட்டது என்று காட்டினேன். அவருக்குப் புரிந்தது. பஸ் போய்விடும் என்று மார்கரெட் அம்மாள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதனால் உனக்கு அந்தக் குறை வேண்டாம். அவர் என்னைப் பார்க்காமல் சாகவில்லை. தந்தியைக் கசக்கினாய் என்பதற்காக நீ கல்யாண மேடையில் அழுதுகொண்டு நிற்கக் கூடாது. அவரும் நானும் இத்தனை வருஷம் பொய் சொன்னது அந்த மேடைக்காகத்தான். வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிப்போடச் சொல்வார்கள். துக்கத்துக்கு அப்புறம் சீக்கிரம் நல்லது நடக்க வேண்டும் என்று அத்தையை விட்டுச் சொல்லச் சொல். கல்யாணம் ஆகிற வரைக்கும் எனக்கு எழுதாதே.

அம்மா

*

செங்கல்பட்டு
24-2-1957

அம்மா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். தை கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வாத்தியார் வீட்டைப் புது வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தை கருங்குழிக்கே போய்விட்டாள்.

அவர் நல்ல மாதிரிதான். அதிகம் பேச மாட்டார். ஆபீஸிலிருந்து வரும்போது கதம்பம் வாங்கி வருகிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மாமியார் எங்களோடு இருக்கிறாள். கடிதம் வந்தால் அவள்தான் முதலில் வாங்குவாள்.

பாறை ஓரம் தள்ளி உட்காரச் சொன்னேனே, அந்த முகத்தை எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. உன்னைப் பார்க்க இரண்டு தடவை கிளம்பினேன். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற ரோடு வரை வந்தேன். இரண்டாவது தடவை உள்ளே வேப்ப மரங்கள்கூடத் தெரிந்தன. வெள்ளைப் புடவையில் யாரோ குடத்தோடு போனார்கள். நீயாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஜட்கா ஒன்று வந்தது. தெரிந்தவர்களாக இருக்குமோ என்று முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இங்கே அலைச் சத்தம் இல்லாமல் காது அடைத்த மாதிரி இருக்கிறது. அந்த ஊரை விட்டால் போதும் என்று இருந்தவள் நான். வாசலில் மணல் இல்லை என்று காலையில் பெருக்கும்போது அழுகை வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நர்ஸ் உடுப்பில் ஒரு அம்மாளைப் பார்த்துப் பெயர் கேட்டேன், மார்கரெட் அம்மாளேதான். இதை அவளிடம்தான் கொடுக்கிறேன். பதில் எழுதினால் அவளிடமே கொடு.

ரங்கா

*

மாமல்லபுரம்
16-4-1957

ரங்கா கண்ணு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்து நீயும் திகைத்துப்போவாய். இதை மார்கரெட் அம்மாளுக்கு அனுப்பி உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பங்குனி மாதம் இங்கே வந்துவிட்டேன். வியாதி போன பிறகும் ஒரு கட்டிலை அடைத்துக்கொண்டு இருக்க மனசு ஒப்பவில்லை. வெளியே வரிசையாக ஆள் காத்திருக்கிறது. எங்கே போகிறாய் என்று டாக்டர் கேட்டார். எனக்கு வழி தெரிந்த ஊர் ஒன்றுதான் இருக்கிறது என்றேன்.

நீ இனி அந்த ரோடு திருப்பத்துக்கு வர வேண்டாம். நான் அங்கே இல்லை. நீ திரும்பிப் போனதை நினைத்து மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. இரண்டு தடவை வந்தாயே, அதுவே எனக்குப் பெரிது. உன் அவரிடமும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் நான் தள்ளி வந்துவிட்டேன்.

மீன்காரக் குப்பத்து ஓரத்தில் சின்னப்பொண்ணு என்று ஒருத்தி. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓலைத் தடுப்பு. அதில் இருக்கிறேன். வலைக்கு நூல் முறுக்கிக் கொடுக்கிறேன். கை என்ன இப்படி என்று கேட்டாள். சுண்ணாம்புக் காளவாயில் வெந்துபோனது என்றேன். பாவம் என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. யாருமில்லாத கைம்பெண் என்று நினைத்துக்கொண்டு தினம் குழம்பில் கொஞ்சம் கொண்டுவந்து வைக்கிறாள்.

நீ எழுதினது சரிதான். சோற்றில் மணல் இருக்கிறது. தண்ணீர் உப்பாக இருக்கிறது. போன வாரம் தகரப் பெட்டியின் கொக்கி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. அவர் எழுதினதும் சரிதான். காலையில் சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பும்போது ஊரில் இருக்கிற அத்தனை கல்லும் ஒரு நிமிஷம் சிவப்பாகிறது. அப்போது பக்கத்தில் சொல்ல யாரும் இல்லை. அவர் இதை எழுதுகிறபோதும் பக்கத்தில் யாரும் இல்லையே என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நேற்று உங்கள் வீட்டு வழியாகப் போனேன். புது வாத்தியார் வாசலில் கோலம். தபால் பெட்டிக்குச் சிவப்புச் சாயம் புதிதாக அடித்திருக்கிறார்கள். துரை பையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான், என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

வெயில் தணிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரரோடு வா. எல்லாரும் வருகிற மாதிரி ஊர் பார்க்க வா. நான் கோயில் பக்கம் எங்காவது உட்கார்ந்திருப்பேன். நீ பேச வேண்டாம். அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டு. நான் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சின்னப்பொண்ணும் நானும் பாறை ஓரம் நூலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் அந்த இடத்தைக் காட்டிச் சொன்னாள்:

"இங்கதாம்மா தபால் வாத்தியார தூக்கியாந்து வெப்பாங்க. தங்கமான மன்சன். பொஞ்சாதி செத்து அத்தினி வர்சம் ஆயும் வேற ஒர்த்திய ஏறெடுத்துப் பாத்ததில்ல."

நான் அடுத்த சிக்கை எடுத்துப் பிரித்தேன்.

"அந்தம்மாவ நாங்க யாரும் பாத்ததில்ல. ஆனா குடுத்து வெச்சவ. பூவும் பொட்டுமா போய்ச் சேந்துட்டா, இல்ல?"

"ஆமாம்" என்றேன்.

அம்மா